எவால்டின் குவளை

அக்டோபர் 9. எவால்ட் தன் ஊற்றுநீரை முழுவதும் குடித்துவிடுகிறார் என்று நேற்று எழுதி, மாலை எழுத்து வகுப்பில் வாசித்தும்விட்டேன். தவறு.

நோய் தீர ஊற்றுநீர் குடிக்க வருபவர்களுக்கு, ஊற்று மண்டபத்தில் குவளைகளை நிரப்பித் தருவது என் வேலை. பூங்காவைச் சுற்றி நடந்துகொண்டே குடிப்பதுதான் இங்கு வழக்கம். எவால்டின் சக்கர நாற்காலியை மனைவி ஹெட்விக் தள்ளுகிறார். காலிக் குவளைகளைச் சேகரித்தபடி நான் பின்னால் வருகிறேன். லிண்டன் மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன. வாத்தியக் குழு ஆளில்லாத நாற்காலிகளுக்கு வாசிக்கிறது. ஒரு மரத்தடியில் ஹெட்விக் நிற்கிறார். எவால்ட் ஒரு மிடறு வாங்குகிறார். அது இறங்காமல் கடைவாய் வழியே கழுத்துத் துண்டில் வழிகிறது. ஹெட்விக் துடைத்துவிட்டு, மிச்சத்தை மடமடவென்று தானே குடிக்கிறார். உப்பும் இரும்பும் கலந்த வெதுவெதுப்பில் அவர் முகம் சுருங்குகிறது.

“என் வியாதியையும் சேத்துக் குடிச்சிடாதடி.”

“சும்மா இருங்க. நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை.”

திரும்பியவர் என்னைக் கண்டு திடுக்கிடுகிறார். பிறகு காலிக் குவளையை நீட்டுகிறார். “பாத்தியா கண்ணு, ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.”

“ஆமாங்க,” என்கிறேன். எவால்ட் தன் ஈரத் துண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாளை காலை அவர் குவளையைப் பாதிதான் நிரப்ப வேண்டும்.