வெயிலில் வைத்த குரல்

யு.கே.ஜி.யின் கடைசி நாள். பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கிகளைக் கழற்றி மடித்துவைப்பதற்குள் மெர்லின் மிஸ்ஸுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இனி ஒரு வேலைதான் பாக்கி. பிள்ளைகளின் சட்டையில் வருடம் முழுக்கக் குத்தியிருந்த பேசும் பொத்தான்களைத் திரும்ப வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பிள்ளையின் அம்மா குரல் இருந்தது. அழுதால் அது கொஞ்சும், சாப்பிடாவிட்டால் கெஞ்சும், ஒருநாளும் கத்தாது. ஒன்றாம் வகுப்பில் அதற்கு அனுமதி இல்லை.

எல்லோரும் அழுதுகொண்டே கொடுத்துவிட்டுப் போனார்கள். பவிஷா மட்டும் மிச்சம். அவள் அம்மா சுகந்தி இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாடி, போலாம்," என்றாள். தொண்டை கட்டியிருந்தது.

பவிஷா சட்டையிலிருந்த பொத்தானைப் பொத்திக்கொண்டாள், நகரவில்லை. "மிஸ், இவங்க பேசுறது அம்மா குரல் மாதிரியே இல்ல."

"அம்மாதாண்டா. நல்லாப் பாரு."

"படுத்தாத பவி, என்னால முடியல," என்ற சுகந்தியின் குரல் பாதியிலேயே கம்மியது.

பவிஷாவின் முகம் தெளிந்தது. பொத்தானின் குரல் கம்மினால் என்ன செய்ய வேண்டும் என்று மிஸ் ஜூன் மாதமே சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போய், வெயில் விழுந்த குட்டி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சார்ஜ் ஏறட்டும்மா. அதுவரைக்கும் பேசாத."

சுகந்தி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மெர்லின் கையிலிருந்த வகுப்பறைச் சாவியைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தாள்.