டயட்டுக்குப் பதினாலு நாள் லீவு

ஜெயபிரியா கை கழுவப் போன நேரம் பார்த்து, தன் இலையிலிருந்த பரோட்டா ஒன்றைப் பிய்த்து அவள் இலையில் போட்டார் அவள் புருஷன் நயினார். தடயம் தெரியாமலிருக்க மேலே சால்னாவையும் ஊற்றி மூடினார்.

திரும்பி வந்தவள் இலையைச் சந்தேகமாகப் பார்த்தாள். இரண்டுதானே சொன்னோம் என்றாள். இந்தக் கடையில் பிய்த்துப் போட்டால் அப்படித்தான் நிறையத் தெரியும் என்றார் நயினார், கொஞ்சமும் கூசாமல்.

பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு புளியறை வரைக்கும் இந்தப் பரோட்டாவுக்காகவே வந்திருந்தார்கள் இருவரும். ஒரு வருடத்துக்குப் பிறகு ஜெயபிரியாவின் வாயில் பரோட்டா படுகிறது. முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு தன்னால் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திருட்டுத் தீனியில்லை, முறையான அனுமதி இருக்கிறது. தென்காசியில் பள்ளிக்கூட டீச்சர் அவள். போன வருடம் தொண்ணூற்றெட்டுக் கிலோ. வகுப்பில் நிற்க முடியாமல் முட்டி வலித்தது. எடையைக் குறைக்காவிட்டால் ஆப்பரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சோற்றை அளக்கத் தொடங்கியவள், இருபத்தாறு கிலோவை இறக்கிவிட்டாள். அதன் பிறகு எடை எழுபத்திரண்டில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. என்ன செய்தும் அசையவில்லை.

உணவு ஆலோசகர் ஹாஜரா பீவிதான் அந்த யோசனையைச் சொன்னார். உடம்பு களைத்துப் போயிருக்கிறது, பதினாலு நாள் டயட்டுக்கு லீவு விடுங்கள், பிடித்ததைப் பசிக்குச் சாப்பிடுங்கள், பசி போனதும் எழுந்துவிடுங்கள். இதுவும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்றார்.

ஜெயபிரியா பயந்தாள். போன இருபத்தாறும் வீடு தேடித் திரும்பி வந்துவிட்டால், கடைசியில் கத்திதானே? நயினாருக்கோ தலைகால் புரியவில்லை. லீவு அவளுக்கா அவருக்கா என்று கேட்கும்படி, அன்றைக்கே செங்கோட்டையிலிருந்து ஒரு பை நிறைய நேந்திரம் சிப்ஸ் வாங்கி வந்தார்.

இத்தனைக்கும் அந்த மனிதர் ஒரு வருடமாகக் கலகலப்பாகவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் எடை மெஷினில் ஏறும்போது முதல் ஆளாக வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு கிலோ குறைந்திருந்தால், “நல்லது” என்பார். மருந்து குடித்தவர் போல அதைச் சொல்லிவிட்டு, அரிசிப் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். அரிசியில் வண்டு விழுந்துவிட்டதாம், காயப் போட வேண்டுமாம். சாரல் விடாமல் பிசுபிசுத்த ஆனி மாதத்திலும் அந்த வண்டு போனபாடில்லை.

லீவு நாட்களில் அவர் கவனிப்பு கூடிக்கொண்டே போனது. அவள் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் தோசைக்கு நெய், காப்பிக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை. ஜெயபிரியா டீச்சரல்லவா, பசி போனதும் மிச்சத்தை அவர் தட்டுக்கே தள்ளிவிடுவாள். குற்றாலத்துக்கு மட்டும் மூன்று தடவை கூட்டிப் போனார், குளித்தால் நன்றாகப் பசிக்கும் என்று.

தங்கை மஞ்சு இதைப் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அக்கா மெலிந்தது அத்தானுக்குப் பிடிக்கவில்லை, பழையபடி ஆக்கப் பார்க்கிறார் என்றாள். ஜெயபிரியாவும் கூடச் சிரித்தாள். ஆனால் போனை வைத்த பிறகு அந்தப் பேச்சு மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பதினாலாம் நாள் டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஆப்பரேஷன் பேச்சே வேண்டாம், இந்த எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அனுப்பிவைத்தார். எனவே மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவுக்குப் பிறகு முதல் தடவையாக, ஜெயபிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டே மெஷினில் ஏறினாள். வழக்கம்போல நயினார் எட்டிப் பார்த்தார்.

எழுபத்தொன்று புள்ளி ஆறு.

ஜெயபிரியா மெஷினிலிருந்து குதித்தாள். வலித்த அதே முட்டியை வைத்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடியே விட்டாள். லீவிலும் குறைந்திருக்கிறதே! ஹாஜரா பீவிக்கு போன் போட எடுத்தவள், புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

நயினார் அரிசிப் பை மேல் உட்கார்ந்திருந்தார். பரோட்டா, நெய், சிப்ஸ் எல்லாம் வீணாய்ப் போன முகம்.

அவளுக்கு ஆட்டம் நின்று, கண் கலங்கிவிட்டது.

“உள்ளதச் சொல்லுங்க. நான் கொறையுதது ஒங்களுக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்காம என்னட்டி. ஒனக்கு ஆப்பரேஷன் இல்லாம முட்டு சரியாவணும்னு, திருமலைக்கோயில் முருகனுக்கு நேந்திருக்கேன்.”

“அதுக்கு எதுக்கு எனக்கு நெய்ய ஊத்துதீய?”

நயினார் கழுத்தைத் தடவிக்கொண்டார். “நீ எத்தன கிலோ கொறையுதியோ, அத்தன கிலோ அரிசியத் தலையில சொமந்து அறுநூறு படியும் ஏறுதேன்னுலா நேந்தேன்.”

ஜெயபிரியா அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த பையைப் பார்த்தாள். மாடிப்படியையும் பார்த்தாள்.

நயினார் மெல்லச் சொன்னார்: “நேரும்போது, நீ மிஞ்சிப் போனா அஞ்சு கிலோ கொறைவேன்னு நெனச்சேன்.”