புரியாத பாட்டு

2024 டிசம்பர் 14 அன்று மதுரை கே.கே. நகரில், ப்ளூஸ், ஜாஸ், நாட்டுப்புறம், உலக இசை எல்லாம் சேர்ந்த ஒரு விழாவுக்கு உள்ளூர்ப் பாடகர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வில்லாபுரம் இந்துப்ரியா சௌராஷ்டிர மொழியில் பாடி முடித்தாள். கல்யாண வீடுகளில் மட்டுமே பாடி வந்தவளுக்கு இதுதான் முதல் மேடை வாய்ப்பு.

"குரல் பிரமாதம்மா," என்றார் அமைப்பாளர் கிரீஷ். "ஆனா பாஷை ஒண்ணுமே புரியலையே. தமிழ்ல ஒரு கும்மி பாடேன்."

"நாங்க வீட்ல பேசுறதே இதான் சார். உங்க விழாவுல ஒரு ஆப்பிரிக்காக்காரர் பாடப்போறாரே, அது மட்டும் புரியுமா?"

"அது வேர்ல்டு மியூசிக்."

"அப்ப இது?"

"இது லோக்கல். லோக்கல்னா தமிழ்ல இருக்கணும்ல? இதை எதுல சேர்க்க? போயிட்டு வாம்மா."

அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே அவருடைய போன் ஒலித்தது.

"இன்னும் சாப்பிடலம்மா. நம்மாளு ஒருத்தி வந்திருந்தா. அக்கா கல்யாணத்துல நீ பாடுனியே, அதே நலங்குப் பாட்டு. நல்லாத்தான் பாடுனா. வேணாம்னு அனுப்பிட்டேன்."

ஒவ்வொரு சொல்லும் இந்துப்ரியாவுக்குப் புரிந்தது. கிரீஷ் தன் அம்மாவிடம் சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் விழா நடந்தது. பதினோரு மொழிகளில் பாடினார்கள். சௌராஷ்டிரம் அதில் இல்லை.