செம்பு எப்படித் தாழும்

மழை விட்டிருக்கிறது. தேயிலைத் தோட்ட லயத்துச் சமையலறை ஜன்னலோரம் கம்சலாவும் அவள் சிநேகிதி தயானியும் ஒரு ஜாம் போத்தலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். போத்தலில் செப்பு சல்பேற்றுக் கரைசல். வெயில் ஊடுருவும்போது அதன் நீலம் சுண்ணாம்புச் சுவரில் மெல்ல ஆடுகிறது. நூலில் கட்டிய இரும்பாணி அதற்குள் தொங்குகிறது. நாளைக்குப் பசறையில் உயர்தர இரசாயனவியல் பரீட்சை. கம்சலாவுக்கு இது இரண்டாம் தடவை. இதுவும் தவறினால் கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலைதான் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"இரும்பு இலத்திரனக் குடுக்குது, அது ஒட்சியேற்றம். செம்பு வாங்கிக்குது, அது தாழ்த்தல்," என்கிறாள் தயானி. "அங்கதான் எனக்கு இடிக்குது," என்கிறாள் கம்சலா. "வாங்கினா கூடத்தானே செய்யும்? எப்படித் தாழும்?" அடுப்பில் ஈர விறகு சீறுகிறது. ஆணியின் மேல் செந்நிறச் செம்பு பொடிப்பொடியாகப் படிந்துகொண்டிருக்கிறது. கம்சலா ஜன்னல் கண்ணாடியின் ஆவியில் விரலால் 'கூட்டல் இரண்டு' என்று எழுதுகிறாள். பக்கத்தில் இரண்டு கழித்தல் குறிகளை இடுகிறாள். பிறகு எல்லாவற்றையும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஒரு பூச்சியம் வரைகிறாள்.

"இலத்திரனே மறை ஏற்றம்தானடி, ஒவ்வொண்ணும் ஒரு கழித்தல். ரெண்டு வந்து சேந்ததும் செம்போட ஏற்றம் ரெண்டுலேருந்து பூச்சியத்துக்கு எறங்கிருது. அந்த எண்ணுதான் தாழுது." தயானி போத்தலை விட்டு அவள் முகத்தைப் பார்க்கிறாள்.

"படிச்சு முடிச்சாச்சா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்கிறாள்.

"முடிச்சாச்சும்மா," என்கிறாள் கம்சலா, போத்தலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுல இன்னொரு ஆணி இருக்கா?"