பட்டியலில் இல்லாத டேவிட் ஜோன்ஸ்

"எட்டாவது தடவையும் தூக்கிட்டான், லிசி!" திருச்சி கே.கே. நகர் டேவிட் ஜோன்ஸ் போனைக் கட்டிலில் எறிந்தான். "என் பேரைத் தேடினா எவன் எவனோ வர்றான். நான் மட்டும் வரக்கூடாதா?"

இணையக் கலைக்களஞ்சியத்தில் 'டேவிட் ஜோன்ஸ்' என்ற பெயருள்ள பிரபலங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பந்து ஆடியவர், பாடியவர், பிஷப், எம்.பி. என்று முக்கால்வாசி வேல்ஸ்காரர்கள். கடைசியில் 'மாவட்ட கேரம் சாம்பியன், திருச்சி' என்று இவன் தன்னைச் சேர்ப்பான். பத்தே நிமிடத்தில் 'காவேரிக்கரை' என்ற புனைபெயர்க்காரர் அழித்துவிடுவார்.

"வேல்ஸ்ல தெருவுக்கு ஒரு டேவிட் ஜோன்ஸ் இருப்பான். திருச்சிக்கு ஒருத்தன் இருந்தா இந்தாளுக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"ஞாயித்துக்கிழமை அதுல எழுதுறவங்க கூட்டம் இருக்குல்ல? நேர்ல போய்க் கேளுண்ணா," என்றாள் தங்கை லிசி.

போனான். "இங்க யாருங்க காவேரிக்கரை?" என்று கத்தியதும் கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கினார்.

"என் பேரை ஏன் சார் அழிக்கிறீங்க?"

"மாவட்டம் பத்தாதுங்க. நான் கேரம்ல மூணு தடவ ஸ்டேட் சாம்பியன். நானே அந்தப் பட்டியல்ல இன்னும் ஏறல."

"நீங்க எதுக்கு சார் அதுல ஏறணும்?"

அவர் சட்டையில் திரும்பிக் கிடந்த பெயர் அட்டையை நிமிர்த்திக் காட்டினார்.

'டேவிட் ஜோன்ஸ், லால்குடி.'