இடது செருப்பு

தொண்ணூற்றொரு நாள்.

பத்ருன்னிசா விரல்விட்டும் எண்ணினாள், பதிவேட்டிலும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

பாஞ்சாலைக்குச் செருப்பு கொடுத்துத் தொண்ணூற்றொரு நாள்தான் ஆகிறது. அது இப்போது மேசைமேல் கிடந்தது. அடி ரப்பர் தேய்ந்து அப்பளமாகியிருந்தது.

மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் மலையேறி வந்து, புதூர்நாட்டில் ஒரு புளியமரத்தடியில் மேசை போட்டு நடத்தும் தொழுநோய் முகாம் அது. நோய் குணமானாலும் பாதத்தில் போன உணர்ச்சி பலருக்குத் திரும்புவதில்லை. முள் தைத்தாலும் தெரியாது. தணலை மிதித்தாலும் தெரியாது. அந்தப் பாதங்களுக்கென்றே மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு.

பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. தலைப்பு ஆங்கிலத்தில்: லைஃப். அதன் கீழே எல்லோருக்கும் ஒரே எண். நூற்றெண்பது நாள்.

பி.எஸ்ஸி. விலங்கியலில் அவள் படித்த லைஃப் வேறு. சிறகு முளைத்த ஈசலுக்கு ஒரு நாள். ரத்தச் சிவப்பணுவுக்கு நூற்றிருபது நாள். வாணியம்பாடி கடைத்தெருவிலோ டார்ச் லைட் செல்லுக்கும் சைக்கிள் டயருக்கும் அதே சொல்தான். நல்லா லைஃப் வரும் என்று சொல்லித்தான் விற்பார்கள்.

ஆக, செருப்புக்கும் ஆயுள் உண்டு. பாதி ஆயுளில் செத்துப்போனால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும்.

"இன்னாம்மா பாஞ்சாலை, செருப்பைக் கால்ல போட்டியா, கொழம்புல போட்டியா?" என்றார் மேற்பார்வையாளர் கோபால்சாமி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாஞ்சாலையும் சிரித்தாள்.

"நான் நடக்கறது மலை சார். உங்க ஆஸ்பத்திரி வராண்டா இல்ல."

"மத்தவங்கல்லாம் ஆகாசத்துலயா நடக்கறாங்க? பத்ரு, கவனக்குறைவுன்னு எழுதிக்கம்மா. அடுத்த ஜோடி மூணு மாசம் கழிச்சி."

சொல்லிவிட்டு அவர் மருந்துப் பெட்டியை இறக்க ஜீப் பக்கம் போனார்.

பத்ருன்னிசா பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை.

மூன்று மாதம் வெறுங்காலோடு நடந்தால் என்ன ஆகும் என்று பாஞ்சாலையின் இடது காலைப் பார்த்தாலே தெரியும். அதில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. இரண்டும் செருப்பு வருவதற்கு முந்தைய வருஷம் போனவை. இன்னொரு புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பதிவேட்டில் இல்லாத இன்னொன்று மலை முழுக்கத் தெரியும். பாஞ்சாலையின் முதுகில் தேமல் கண்ட வருஷம், அவள் புருஷன் வேடியப்பன் சாமை விதைக்கிற கொல்லை ஓரத்தில் அவளுக்கு ஒரு குடிசை போட்டான். கூரை வேய்ந்து முடிப்பதற்குள் வீட்டுக்கு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். மாத்திரையெல்லாம் முடிந்து, குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் பாஞ்சாலையை உள்ளே கூப்பிடவில்லை.

"காலைக் காட்டுங்கக்கா."

பாஞ்சாலை எதிரே உட்கார்ந்து முக்காலிமேல் காலைத் தூக்கி வைத்தாள்.

குதிகாலிலிருந்து ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனாள் பத்ருன்னிசா. புண் இல்லை. வெடிப்பு இல்லை. நாள்தோறும் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவிய கால். இந்த முகாமில் இவ்வளவு சுத்தமான பாதத்தை அவள் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இதற்கா கவனக்குறைவு?

செருப்பைக் கையில் எடுத்தாள். போட்டுப் போட்டு அமுங்கிய ரப்பரில் விரல்கள் பதிந்து குழிகள் விழுந்திருந்தன. வலது செருப்பில் ஐந்து குழிகள்.

இடது செருப்பிலும் ஐந்து.

அவள் பாஞ்சாலையின் இடது காலைப் பார்த்தாள். மூன்று விரல்கள். மறுபடியும் செருப்பைப் பார்த்தாள். சுண்டுவிரல் பதிய வேண்டிய இடத்தில், சின்னதாக, ஆழமாக, ஒரு சுண்டுவிரல் பதிந்திருந்தது.

செருப்பின் ஆயுளை நாளில் எண்ணுவதே தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. நடந்த அடிகளில் எண்ண வேண்டும். ஒருத்தி நடந்தால் தொண்ணூற்றொரு நாள் நடை. இரண்டு பேர் நடந்தால் நூற்றெண்பத்திரண்டு.

கொடுத்த கெடுவுக்கு மேல் இரண்டு நாள் கூடவே உழைத்துவிட்டுத்தான் அது மேசைக்கு வந்திருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் கோபால்சாமி சொன்னதை அவள் ஒரு எழுத்துகூட மாற்றி எழுதியதில்லை. இப்போது காரணக் கட்டத்தில், முழு ஆயுளும் உழைத்தது என்று எழுதினாள். பெட்டியிலிருந்து பாஞ்சாலையின் அளவில் புது ஜோடி ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

பிறகு, கால் அளவு வரைகிற பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். அதன்மேல் பென்சிலை வைத்தாள். தாளில் பெயர் எழுதவில்லை.

பாஞ்சாலை வெறும் தாளைப் பார்த்தாள். ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. முன்னால் குனிந்து குரலை இறக்கினாள்.

"காத்தால நான் போட்டுக்குவேன். உச்சிப்பொழுதுல பலாமரத்தடியில கழட்டி வெச்சிட்டா, அவ வந்து மாட்டிக்கினு வெறவுக்குப் போவா. ஆறு மாசமா அவ காலுக்கும் சொரணை இல்ல. ஆனா வந்து பாரும்மா, ஒரு சிராய்ப்பு இருக்காது. ராத்திரியானா நான்தான் எண்ணெ தடவி விடறேன்."

அதைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது.

"யாருங்கக்கா அவங்க?"

"கொல்லை ஓரத்துல இன்னொரு குடிசை வாணாம்னுதான் இத்தினி நாளா வாயைத் தொறக்கல." பாஞ்சாலை புதுச் செருப்பை மடியில் இறுக்கிக்கொண்டாள். "சின்னவளுக்கும்மா. என்னை வெளிய அனுப்பிட்டு அவன் கட்டிக்கினு வந்தானே, அவளுக்கு."