புங்கமரத்துக் கயிறு

அணைக்கரைப் புங்கமரத்தோடு ஒரு அம்மாவைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

மாடு கட்டும் கயிறு. மரத்தைச் சுற்றி வந்து அவள் இடுப்பையும் சுற்றியிருந்தது. காலை நீட்டி, இரண்டு கைகளையும் மடியில் குவித்து, அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வறுத்த மீனை இலையில் வாங்கிக்கொண்டு திரும்பிய நாராயணசாமி அப்படியே நின்றுவிட்டார். தியாகதுருகத்துக் கரும்பு விவசாயி. ஞாயிற்றுக்கிழமை, அணை பார்க்க வந்தவர்.

"இன்னாம்மா இது? யாரு ஒன்னக் கட்டுனது?"

"வூட்டு விசயம் சாமி. நீங்க மீனத் துண்ணுங்க, ஆறிடப் போவுது."

அவர் மீன் வறுக்கும் ராஜாம்பாளிடம் திரும்பி வந்தார்.

"அதுவா? அது சின்னப்பொண்ணு," என்றாள் ராஜாம்பாள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோ, அந்த வெள்ளப் பாய் கட்டுன படகுல குந்திக்கினு இருக்குதே செவ்வந்தி, அதோட அம்மா."

"அந்தப் பொண்ணுக்கு இன்னா?"

"சின்னதுலயே ரெண்டு காலும் சூம்பிப் போச்சி. கால் வராதவங்க, கண்ணு தெரியாதவங்கன்னு நெறைய பேரு இந்தப் படகுச் சங்கத்துக்கு வர்றாங்க. லூர்துராஜ் சார் கத்துக் குடுக்கறாரு. காத்துலயே போவுது படகு. காலே வேணாம், கையி போதும்."

"கூட ஆளு இல்லாமயா?"

"பக்கத்துல ஒரு ஆளு குந்தியிருக்கும். தனியாப் போவணும்னா பரீட்ச இருக்குது. வேணும்னே படகக் கவுத்துட்டு, தானே நிமித்தி, தானே ஏறணும். யாரும் தொடக் கூடாது. ரெண்டு வாட்டி இந்தம்மா குதிச்சிப் போயி பொண்ண இழுத்தாந்து கரையில போட்டுடுச்சி. இன்னிக்கும் யாராவது தொட்டா, அப்புறம் எப்பவுமே கூட ஆளோடதான்."

நாராயணசாமிக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது.

"அதுக்குன்னு பெத்தவள மாடு மாதிரி கட்டிப்போட்டுட்டுப் போவுமா ஒரு பொண்ணு?"

"தையக்கட வச்சதுலேந்து அந்தப் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்."

"காலுதான் இல்லன்னு பாத்தா, மனசும் இல்ல போலிருக்குது."

அவர் போய்க் கயிற்றில் கை வைத்தார். சின்னப்பொண்ணு தலையைத் திருப்பினாள்.

"தொடாதீங்க."

கையை எடுத்துக்கொண்டார். மகளுக்கு இவ்வளவு பயப்படுகிற தாயை அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் படகு கவிழ்ந்தது.

வெள்ளைப் பாய் தண்ணீரில் படுத்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு செவ்வந்தியின் தலை மட்டும் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு படகில் லூர்துராஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மரம் மாதிரி குந்தியிருக்கான் பாரு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சின்னப்பொண்ணு பாதி எழுந்தாள். கயிறு விறைத்தது. மறுபடி உட்கார்ந்தாள். கைகளை மட்டும் மடியிலிருந்து எடுக்கவில்லை.

செவ்வந்தி படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையைப் பிடித்துத் தொங்கினாள். கை வழுக்கியது. தலை உள்ளே போய்விட்டு வந்தது.

"அவுத்து வுடட்டுமாம்மா?" நாராயணசாமியின் குரல் தணிந்திருந்தது.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாமென்று. உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது, சத்தமில்லாமல்.

இரண்டாம் முறை தொங்கியபோது படகு முனகிக்கொண்டு நிமிர்ந்தது. செவ்வந்தி அதன் பின்பக்கம் நீந்திப் போனாள். கைகளை ஊன்றினாள். வயிறு ஏறியது, பிறகு இடுப்பு. கடைசியாகக் கால்கள், இரண்டு ஈரத்துணி போல, பின்னால் வந்தன.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய காற்று பாயில் நிறைந்தது. படகு ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்கு வந்தது.

கூட்டம் கைதட்டியது. நாராயணசாமி தட்டவில்லை. தண்ணீர் ஓரம்வரை போனார்.

"ஜெயிச்சிட்ட, சந்தோசம். ஆனா பெத்தவள மரத்துல கட்டிட்டுப் போனியே, அது நல்லாவா இருக்குது?"

செவ்வந்தி முகத்துத் தண்ணீரை வழித்தாள்.

"யாரக் கட்டுனாங்க?"

"ஒன் அம்மாவத்தான்."

"எங்கம்மாவா? அது வூட்டுல இருக்குது. வரவே கூடாதுன்னு சொல்லிட்டுதானே பஸ் ஏறுனேன்." அவள் லூர்துராஜைப் பார்த்தாள். "சார், நீங்களா?"

"எனக்கு அவங்க வந்ததே தெரியாதும்மா."

நாராயணசாமி மரத்தடிக்குத் திரும்பினார். ஆறிப்போன மீனைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார். கயிற்றைத் தடவிக்கொண்டே இன்னொரு முறையும் சுற்றினார்.

"இன்னா தேடறீங்க சாமி?"

"முடிச்சம்மா. அவுத்து வுடலாம்னு."

சின்னப்பொண்ணு மடியிலிருந்து கைகளை எடுத்தாள். முடிச்சு அங்கே இருந்தது. கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு, ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அதான் முடிஞ்சிபோச்சே. இனிமே இழுத்து அவுத்துக்கயேம்மா."

"இருங்க சாமி," என்று அவள் கைகளை மறுபடி முடிச்சின் மேல் வைத்துக்கொண்டாள். "அது இன்னும் படகுலேந்து எறங்கல."